கை தூக்கிய ஊர்கள்

2006 மே 7, ஞாயிற்றுக்கிழமை. சுவிட்சர்லாந்தின் கிழக்கே, மலைகளுக்கு இடையில் கிளாருஸ் என்றொரு சிறு நகரம். அதன் திடலில் சில ஆயிரம் பேர் வாக்கு அட்டையோடு நிற்கிறார்கள். அவர்கள் முன் அரசு வைத்த யோசனை: மாநிலத்தில் உள்ள 25 ஊராட்சிகளை இணைத்துப் பத்தாக்கலாம். கூட்டத்தில் இருந்த குடிமகன் ஒருவர் மேடையேறி, பத்தும் அதிகம், மூன்று போதும் என்றார். விவாதம் நடந்தது. கைகள் உயர்ந்தன. வென்றது மூன்று.

அரசு கேட்டதைவிடப் பெரிய இணைப்பை மக்களே கேட்டு வாங்கிக்கொண்ட இந்தச் சம்பவத்தைப் படித்த நாளிலிருந்து அது என்னை விட்டுப் போகவில்லை. ஊரை இன்னொரு ஊரோடு சேர்ப்பது என்றாலே ரத்தம் கொதிக்கும் மண்ணிலிருந்து வந்தவன் நான். அந்த ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஏன் அப்படித் தோன்றியது?

கிளாருஸ் என்பது நகரத்தின் பெயர் மட்டுமல்ல, அந்தக் குட்டி மாநிலத்தின் பெயரும் அதுவே. 1352இல் சுவிஸ் கூட்டமைப்பில் சேர்ந்தது. இணைப்பு நடந்த காலத்தில் மக்கள்தொகை 40,000கூட இல்லை. ஆண்டுதோறும் மே மாத முதல் ஞாயிறன்று வாக்குரிமை உள்ளவர்கள் திறந்தவெளியில் கூடி, கை தூக்கிச் சட்டம் செய்கிறார்கள். மேடையேறி அரசின் மசோதாவுக்குத் திருத்தம் முன்மொழியும் உரிமை அங்கே எல்லோருக்கும் உண்டு. அந்த உரிமை இல்லையென்றால் ‘மூன்று’ என்ற சொல்லே அன்று ஒலித்திருக்காது.

இணைப்புக்குக் காரணம் கேட்டால் எல்லோரும் முதலில் சொல்வது பணம். பொய்யில்லை. பள்ளத்தாக்கின் மேல்பகுதி ஊர்கள் நலிந்துகொண்டிருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிளாருஸ் துணி அச்சிடுவதில் பெயர்பெற்ற இடம். அதன் பருத்தித் துணிகள் துருக்கிவரை, ஆசியாவரை போயின. ஆலைகள் பெருகியதால்தான் 1864லேயே நாள் வேலையைப் பன்னிரண்டு மணி நேரமாகக் கட்டுப்படுத்தும் தொழிற்சாலைச் சட்டத்தை அந்த மக்கள் சபை இயற்றியது. பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. இளைஞர்கள் ரயிலேறினார்கள். சூரிச் ஒரு மணி நேரத் தொலைவுதான். போனவர்களோடு ஊர்களின் வரி வருமானமும் போயிற்று.

ஆனால் பணத்தைவிடப் பெரிய பஞ்சம் ஒன்று இருந்தது. ஆள் பஞ்சம்.

சுவிஸ் ஊராட்சிகளில் பதவி என்பது பெரும்பாலும் பகுதிநேரத் தொண்டு. பகலில் தச்சு வேலைக்கோ பள்ளிக்கோ மாட்டுத் தொழுவத்துக்கோ போய்விட்டு, மாலையில் வந்து ஊர்க் கணக்கைப் பார்க்க வேண்டும். கிளாருஸில் ஊராட்சி மட்டும் இருந்தால் பரவாயில்லை. பள்ளிக்கு ஒரு மன்றம், ஏழைகளின் நலனுக்கு ஒன்று, காட்டையும் மேய்ச்சல் நிலத்தையும் கவனிக்கும் பரம்பரை ஊர்க்குடிகளின் மன்றம் ஒன்று என்று தனித்தனியே இருந்தன. மாநிலம் முழுவதும் எல்லாம் சேர்த்தால் ஏறத்தாழ 70 அமைப்புகள். சில நூறு பேர் மட்டுமே வாழும் ஊரில் இத்தனை நாற்காலிகளுக்கு யார் வருவார்கள்? வந்தவர்கள் தலையிலோ கட்டட அனுமதி, குடிநீர், முதியோர் இல்லம், பனிச்சரிவுத் தடுப்பு என்று வேலை ஏறிக்கொண்டே போனது. சட்டங்கள் தடித்தன, அவற்றைப் படித்துப் புரிந்துகொள்ள மாலை நேரம் போதவில்லை. பக்கத்து மாநிலமான ஊரியில், தேர்ந்தெடுக்கப்பட்டவர் பதவியை மறுக்க முடியாது என்று சட்டமே இருக்கிறது. நாற்காலிக்காக வெட்டுக்குத்து நடக்கும் ஊர்களைப் பார்த்த நமக்கு, நாற்காலி ஆளைத் தேடி அலையும் இந்த நிலை நம்புவதற்கே கடினம். ஓர் ஊர் தன்னைத் தானே ஆள முடியாமல் போவது கஜானா காலியாகும்போது அல்ல, நாற்காலி காலியாகும்போதுதான் என்று நினைக்கிறேன்.

சரி, பத்து ஏன் பிடிக்கவில்லை? எனக்குத் தோன்றுவது இது. பத்து என்றால் நலிந்த ஊர் நலிந்த ஊரோடுதான் சேரும். சில ஆண்டுகளில் மறுபடியும் இதே பேச்சு எழும். இன்னொன்று, இரண்டு மூன்று ஊர்கள் சேரும்போது ‘அவன் ஊரோடா?’ என்ற பழைய பகை தலைதூக்கும். மூன்று என்றால் அப்படியல்ல; பதின்மூன்று ஊர்கள்வரை ஒன்றாகச் சேரும்போது யாரும் யாரையும் விழுங்கியதாக ஆகாது.

இதில் ஒரு முள் உண்டு. அதை மறைத்துப் பாராட்டுவது நேர்மையாகாது. கை தூக்கியது மாநிலம் முழுவதும் சேர்ந்து. ஊர் ஊராகக் கேட்கவில்லை. ‘வேண்டாம்’ என்று நினைத்த ஊர்களும் பெரும்பான்மையோடு இழுத்துச் செல்லப்பட்டன. கோபம் கொண்டவர்கள் கையெழுத்துத் திரட்டினார்கள். 2007 நவம்பர் 25 அன்று சிறப்பு மக்கள் சபை கூடியது. அன்றும் தீர்ப்பு மாறவில்லை. எதிர்த்தவர்களுக்கு மீண்டும் ஒரு வாய்ப்புக் கிடைத்ததே, அதற்காகத்தான் நான் அந்த மக்களை மதிக்கிறேன்.

2011 ஜனவரி 1 முதல் மூன்று ஊராட்சிகள். வடக்கில் எட்டு ஊர்கள், நடுவில் நான்கு, தெற்கில் பதின்மூன்று. தெற்கு ஊராட்சியின் பரப்பு 430 சதுர கிலோமீட்டர். அன்றைக்குச் சுவிட்சர்லாந்திலேயே பெரியது, மக்களோ பத்தாயிரம் பேர் அளவில்தான். 1881இல் மலை சரிந்து 115 பேரைப் பலிகொண்ட எல்ம் கிராமமும், கார் நுழையாத பிரவுன்வால்டும் அதற்குள் அடங்கின. ஊர்ப் பெயர்கள் முகவரியிலும் வரைபடத்திலும் இன்றும் இருக்கின்றன. ஆனால், தெருவில் பார்த்தால் நிறுத்திக் கேட்கலாம் என்றிருந்த ஊர்த்தலைவர் இல்லை. அந்த இழப்பு எந்த வரவு செலவுக் கணக்கிலும் ஏறாது.

ஜப்பானில் கதை வேறு. 1999இல் அங்கே 3,232 நகர, ஊர் நிர்வாகங்கள் இருந்தன. 2010 மார்ச்சில் 1,727. இணைந்தால் கடன் சலுகை, இணையாவிட்டால் மானியம் சுருங்கும் என்ற அச்சம், இரண்டுமாகச் சேர்ந்து ஊர்களைத் தள்ளின. புகுஷிமா மாகாணத்து யமட்சுரி என்ற ஊரோ 2001 அக்டோபரில் ‘நாங்கள் எவரோடும் இணைய மாட்டோம்’ என்று மன்றத்தில் தீர்மானம் போட்டது. மாதச் சம்பளத்தைக் கைவிட்டு, கூட்டத்துக்கு வந்த நாளுக்கு மட்டும் படி வாங்கிக்கொள்ளவும் அதன் உறுப்பினர்கள் முன்வந்தார்கள். தனியாக நிற்பதற்கான விலையை அவர்களே கொடுத்தார்கள்.

கிளாருஸ் சேர்ந்தது, யமட்சுரி மறுத்தது. இரண்டையும் நான் ஒரே தட்டில் வைக்கிறேன், இரண்டும் ஊரார் வாயிலிருந்து வந்த சொல் என்பதால்.

நம் ஊரில் ஓர் ஊராட்சி நகராட்சியோடு இணைக்கப்பட்டால் கிராமத்து வேலைத் திட்டம் போய்விடும், வீட்டு வரி ஏறும் என்று பெண்கள் சாலையில் உட்காருகிறார்கள். அவர்களை வளர்ச்சிக்கு எதிரிகள் என்று நாம் பேசுகிறோம். இணைப்போடு கிராம சபையும் முடிந்துபோகிறது என்பதை நினைப்பவர்கள் குறைவு. கிளாருஸ் திடலில் நடப்பதற்கு நம்மிடம் இருக்கும் நெருங்கிய உறவு அதுதான். மே 1 அன்று உங்கள் ஊரில் கிராம சபை கூடும். இணைப்புப் பேச்சு காதில் விழுந்திருந்தால் அன்று போய், வரி எவ்வளவு ஏறும், எது கிடைக்கும், எது போகும் என்று எழுத்தில் கேளுங்கள். உங்கள் முடிவு சேர்வதோ மறுப்பதோ, அது தீர்மானப் புத்தகத்தில் ஏறும்வரை எழுந்து வராதீர்கள்.