வழக்கை வாபஸ் வாங்குமுன்...

நான் மண்ணையும் பயிரையும் படித்தவன். சட்டம் படித்தவன் அல்ல. ஆனாலும் கிராமம் கிராமமாகச் சென்று வந்ததில், பூச்சி தின்ற மகசூலைப் போலவே வழக்கு தின்ற மகசூலையும் நிறையப் பார்த்திருக்கிறேன். வாய்தாவுக்கு அலைவதில் நாற்றின் வயது கடந்துவிடுகிறது. வழக்கில் உள்ள நிலத்தில் கிணற்றை ஆழப்படுத்தவோ, குழாய் பதிக்கவோ மனம் வருவதில்லை. எனவே, பேசித் தீர்த்து வழக்கை விட்டுவிடுவது நல்லது என்பதே என் கருத்து. ஆனால் அதற்கும் ஒரு முறை உண்டு.

எனக்குத் தெரிந்த ஒரு விவசாயிக்கு ஒன்றரை ஏக்கர் நிலம். பக்கத்து நிலத்துக்காரர் வரப்பை வெட்டி 3 சென்ட்டைச் சேர்த்துக்கொண்டார் என்று முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டார். நாலாம் வருஷம் ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். "கரும்பு வெட்டியதும் இடத்தை விட்டுவிடுகிறேன்" என்றார் பிரதிவாதி. இவரும் அதை நம்பி வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டார். கரும்பு வெட்டியாயிற்று, மறுதாம்பும் வளர்ந்தது, இடம் மட்டும் வரவில்லை. மறுபடி கோர்ட்டுக்குப் போனபோது, முன் வழக்கை அனுமதி பெறாமல் வாபஸ் வாங்கியதால் அதே இடத்துக்கு மீண்டும் வழக்குப் போட முடியாது என்று தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் கட்டளை 23, விதி 1 இதைத்தான் சொல்கிறது. வாதி தன் வழக்கை எப்போது வேண்டுமானாலும் விட்டுவிடலாம். அதில் ஒரு பகுதியை மட்டும் விடலாம். பயிர் நஷ்டத் தொகையைக் கைவிட்டு, நிலத்துக்கான வழக்கை மட்டும் நடத்துவதும் முடியும். ஆனால் விட்டதை மீண்டும் கேட்க வேண்டுமானால், வாபஸ் வாங்கும்போதே கோர்ட்டின் அனுமதியைப் பெற்றிருக்க வேண்டும். வழக்கில் முறைப்படியான குறை இருந்தாலோ, வேறு தகுந்த காரணம் இருந்தாலோதான் அந்த அனுமதி கிடைக்கும்.

அனுமதி கிடைத்தாலும் காலக்கெடு நமக்காகக் காத்திராது. முதல் வழக்கே போடாதது போலத்தான் நாள் கணக்கு ஓடும். நிலத்தின் சுவாதீனம் கேட்கப் பொதுவாக 12 ஆண்டு, கடன் பணத்துக்கு 3 ஆண்டு. கூட்டாக வழக்குப் போட்டிருந்தால், ஒருவர் மட்டும் மற்றவர்களின் சம்மதமின்றி வாபஸ் வாங்க இயலாது. மைனர் பெயரிலுள்ள வழக்கை விடவும் கோர்ட் அனுமதி வேண்டும்.

ஆகவே, சமாதானம் ஏற்பட்டால் வெறுமனே வாபஸ் வாங்காதீர்கள். முதலில் சர்வேயரைக் கொண்டு அளந்து கல் நடுங்கள். புல எண், உட்பிரிவு, நான்கெல்லை, இடத்தை விடவேண்டிய தேதி ஆகியவற்றை எழுதி, இருவரும் கையெழுத்திட்டுக் கோர்ட்டில் தாக்கல் செய்யுங்கள். விதி 3-இன்படி கோர்ட் அதைப் பதிவு செய்து தீர்ப்பாணை வழங்கும். சொன்ன சொல் தவறினால், புது வழக்கின்றி அதையே நிறைவேற்றக் கேட்கலாம்.

மக்கள் நீதிமன்றம் இன்னும் எளிது. அதன் தீர்வு கோர்ட் தீர்ப்பாணைக்குச் சமம், அப்பீல் கிடையாது, கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். கட்சிக்காரர்கள் வெளியே தாங்களாகப் பேசி முடித்தாலும் கட்டணத்தைத் திரும்பப் பெறலாம் என்று, சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. வக்கீலுக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள் தாலுகா சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கும் வருமானம் பாராமலே அங்கு இலவச உதவி உண்டு.

உறவுக்குள் எதற்குக் காகிதம் என்று சிலர் கேட்பார்கள். தெரிந்த கடையில் விதை வாங்கினாலும் சான்று அட்டையைப் பார்த்துத்தானே வாங்குகிறோம்? பங்காளியோடு செய்துகொள்ளும் சமாதானத்துக்கும் அப்படியோர் அட்டை இருக்கட்டும்.