மலை தெரிந்தது, தாகம் தெரியவில்லை



எங்கள் திருவண்ணாமலையில் வாசல் தெளிக்க வெளியே வந்தால் மலை. துணி காயப் போட மாடிக்குப் போனால் மலை. சமையலறை ஜன்னலைத் திறந்தாலும் மலைதான். முப்பத்தைந்து வருஷமாக இந்த ஊரில் குடித்தனம் நடத்துகிறேன். அந்த மலையை ஒரு நாளாவது நின்று நிதானமாகப் பார்த்திருக்கிறேனா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். பார்க்க வைத்தவள் என் மருமகள்.

கல்யாணமாகி வரும்போதே கையில் ஒரு கேமராவோடு வந்தவள் அவள். அவளுடைய அண்ணன் வாங்கிக் கொடுத்ததாம். பிரசவத்துக்குப் பிறகு அது பீரோவுக்குள் போனது போனதுதான். குழந்தைக்கு எட்டு மாதம் ஆனபோது ஒரு நாள் அதை எடுத்துத் துடைத்துக்கொண்டே, "அத்தை, ஒரு நாள் மலை சுத்திக்கிட்டே படம் எடுக்கணும்னு ஆசையா இருக்கு" என்றாள். சொல்லும்போதே குரல் இறங்கி விட்டது. எங்கே வேண்டாம் என்று விடுவார்களோ என்ற பயம்தான்!

என் மகன் அப்படியேதான் சொன்னான். "கைக்குழந்தையை விட்டுட்டு பதினாலு கிலோமீட்டர் நடக்கணுமா? அதுவும் இந்த வெயில்லியா?"

எனக்கு என்னமோ மனசு கேட்கவில்லை. எட்டு மாதமாக அந்தப் பெண் ஆஸ்பத்திரியைத் தவிர வேறு எங்கும் போகவில்லையே! "நான் கூடப் போறேன்டா. குழந்தையை அப்பா பார்த்துப்பார். கேழ்வரகுக் கஞ்சி கொடுத்தாப் போச்சு" என்றேன். பெரிய மனசு பண்ணிவிட்டதாக எனக்கு உள்ளூரப் பெருமை வேறு.

பௌர்ணமியில் லட்சக்கணக்கான ஜனம் சுற்றும். அந்தக் கூட்டத்தில் படம் எடுக்க முடியாது என்று பங்குனியில் ஒரு சாதாரண நாளைத் தேர்ந்தெடுத்தோம். "விடியறதுக்கு முன்னாடி நாலரைக்கே கிளம்பிடலாம் அத்தை. அப்பதான் வெளிச்சம் நல்லா இருக்கும், வெயிலும் இருக்காது" என்றாள். நான் கேட்டால்தானே! தலைக்குக் குளித்து, கோலம் போட்டு, பூஜை முடித்து, பாலைக் காய்ச்சி வைத்துவிட்டுக் கிளம்பியபோது மணி ஏழு. போதாக்குறைக்கு, "மலை சுத்தி முடிக்கிற வரைக்கும் பச்சைத் தண்ணி கூடக் கிடையாது" என்று ஒரு விரதம். அதை நானாகத்தான் ஏற்றுக்கொண்டேன், யாரும் சொல்லவில்லை. பையில் அவள் வைத்த இரண்டு தண்ணீர் பாட்டில்களைப் பார்த்து, "எதுக்கும்மா இந்தச் சுமை?" என்று வேறு கேட்டேன்.

ராஜகோபுரத்தின் முன்னால் கற்பூரம் ஏற்றிவிட்டு நடக்கத் தொடங்கினோம். இந்திர லிங்கம், அக்னி லிங்கம், எம லிங்கம், நிருதி லிங்கம் என்று எட்டுத் திசைக்கும் எட்டு லிங்கங்கள். வழி நெடுக அவள் நின்று நின்று படம் எடுத்தாள். நானும் மலையைப் பார்த்தேன். என்ன ஆச்சரியம் தெரியுமா? கோயில் பக்கமிருந்து பார்த்தால் கூம்பு மாதிரி ஒற்றைச் சிகரம். நடக்க நடக்க அது இரண்டாகிறது, மூன்றாகிறது. குபேர லிங்கம் தாண்டி ஓர் இடத்தில் ஐந்து முகமாகத் தெரியும், அதைப் பஞ்சமுக தரிசனம் என்பார்கள். 2668 அடி உயர மலை ஒன்றுதான், நாம் நிற்கிற இடத்துக்கு ஏற்ப உருவம் மாறுகிறது!

வெளிச்சத்தின் சூட்சுமத்தையும் அவள்தான் சொல்லிக் கொடுத்தாள். ஊர் மலைக்குக் கிழக்கே இருக்கிறது. காலை வெயில் ஊர்ப்பக்கச் சரிவில் நேராக விழுவதால் பாறைகள் செம்மண் நிறத்தில் ஜொலிக்கும். அதே நேரம் மேற்கே ஆதி அண்ணாமலைப் பக்கம் நின்றால் மலை வெறும் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். அந்தப் பக்கத்துப் படத்துக்குச் சாயங்காலம் போக வேண்டும். "உச்சி வெயில்ல எடுத்தா எல்லாம் வெளுத்துப் போயிடும் அத்தை, முகத்துல கண்ணுக்குக் கீழ நிழல் விழும்" என்றாள். நாம் வடாம் காயப் போட வெயிலைக் கணக்குப் பார்க்கிற மாதிரிதான் இதுவும்!

வருண லிங்கத்துக்கு வந்தபோது மணி பத்து. தரை சுட ஆரம்பித்துவிட்டது. "அத்தை, கொஞ்சம் உட்காரலாமா?" என்றாள். "உனக்குக் கால் வலிச்சா உட்காரு. எனக்கு ஒண்ணுமில்லை" என்று நான் நடந்தேன். ஆதி அண்ணாமலை கோயில் தாண்டியதும் மறுபடியும், "அத்தை, ஒரு வாய் தண்ணி..." என்றாள். "விரதம்னு சொன்னேன்ல?" என்று கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன்.

வாயு லிங்கத்தின் அருகே அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "இதைப் பாருங்க அத்தை" என்று கேமராவின் பின்பக்கத்தைக் காட்டினாள். நான் அறியாமலே என்னையும் படம் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள்! அக்னி லிங்கத்தில் எடுத்ததில் சிரிப்பும் வியர்வையுமாக இருக்கிறேன். நிருதி லிங்கத்தில் சிரிப்பைக் காணோம். ஆதி அண்ணாமலையில் எடுத்ததில் மதில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். உதடு வெடித்து, முகம் சாம்பல் பூத்து, கண் எங்கேயோ பார்க்கிறது. சுவரைப் பிடித்தது எனக்கு ஞாபகமே இல்லை.

"இது யாருடி?" என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் தலை சுற்றி, கண் இருண்டு, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் பதறவில்லை. மர நிழலில் படுக்க வைத்து, பையை மடித்து என் கால்களுக்கு அடியில் வைத்து உயர்த்தினாள். துண்டை நனைத்துக் கழுத்திலும் நெற்றியிலும் அக்குளிலும் ஒற்றினாள். நான் தெளிவாகப் பேசுகிறேனா என்று பார்த்துவிட்டு, பக்கத்துக் கடையில் எலுமிச்சம்பழம், உப்பு, சர்க்கரை வாங்கிக் கலந்து வாய் வாயாகக் கொடுத்தாள். விரதமாவது, ஒன்றாவது! மடமடவென்று குடித்தேன்.

அரை மணியில் தெளிவு வந்தது. அப்போதுதான் பார்த்தேன். பையில் இரண்டு பாட்டிலும் இருந்தன. ஒன்றை எனக்காக இப்போதுதான் திறந்திருக்கிறாள். இன்னொன்று மூடி கூடத் திறக்காமல் அப்படியே இருந்தது.

"நீ குடிக்கலியா?"

"நீங்க விரதமா இருக்கும்போது எப்படி அத்தை முன்னாடி குடிக்கறது?"

சகோதரிகளே, பால் கொடுக்கிற பெண் அவள்! என் பிடிவாதத்துக்கு மரியாதை கொடுத்து மூன்று மணி நேரத்துக்கு மேல் தொண்டை காய நடந்திருக்கிறாள். வெயிலில் மயங்கியதைவிட இதுதான் எனக்கு அதிகமாகச் சுட்டது. முதலில் அவளைக் குடிக்கச் சொன்னேன். பிறகு ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தோம்.

வீட்டில் என் மகன், "நான் அப்பவே சொன்னேன்ல? இவ படம் எடுக்கற ஆசையில அம்மாவை இழுத்துட்டுப் போய்... இனிமே இந்தக் கேமரா வேலையே வேண்டாம்" என்றான். அவள் ஒன்றும் பேசாமல் குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நானாவது பேசியிருக்க வேண்டாமா? களைப்பு என்ற சாக்கில் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டேன். இந்தப் பக்கத்தில் எத்தனையோ எழுதியிருக்கிறேன், இதை எழுதத்தான் கை கூசுகிறது. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. கேமராவை உள்ளே வைக்கிறாள் என்று தெரிந்தது.

காலையில் காபி கொடுக்கும்போது எல்லோர் முன்னாலும் சொன்னேன்: "தப்பு என்னுதுடா. நாலரைக்குக் கிளம்பலாம்னா இவ. ஏழு மணியாக்கினது நான். தண்ணி எடுத்துட்டு வந்தது இவ, குடிக்க மாட்டேன்னது நான். அந்தப் படத்தைக் காட்டி நிறுத்தலேன்னா நான் ரோட்டுல விழுந்திருப்பேன்." மகன் பதில் பேசவில்லை. எங்க வீட்டுக்காரர்தான், "அடுத்த தடவை நானும் குழந்தையும் ஆட்டோவில பின்னாலயே வரோம்" என்று சிரித்தார்.

டாக்டரிடம் போனேன். ரத்த அழுத்தத்துக்கு நான் சாப்பிடுகிற மாத்திரை சிறுநீரை அதிகமாக்கி உடம்பின் நீரையும் உப்பையும் வெளியேற்றும் வகையாம். அதைப் போட்டுக்கொண்டு தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நடந்ததற்கு நல்ல பாட்டு வாங்கினேன்!

நான் கற்றுக்கொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன். தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், கெண்டைக்கால் இழுப்பு, சிறுநீர் அடர்மஞ்சளாகப் போவது, இவையெல்லாம் உடம்பு கொடுக்கிற எச்சரிக்கை. உடனே நிழலில் உட்கார்ந்து நீர் குடியுங்கள். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் தலை தட்டிய 6 சிறு கரண்டி சர்க்கரை, அரைச் சிறு கரண்டி உப்பு கலந்தால் போதும். உப்பைக் கூட்டாதீர்கள். பேச்சு குழறி, உடம்பு நெருப்பாகக் கொதித்து, நினைவு தப்பினால் அது வெப்பத் தாக்கு. வாயில் எதையும் ஊற்றாமல், உடம்பைக் குளிர்வித்துக்கொண்டே 108-ஐ அழையுங்கள். சர்க்கரை வியாதிக்காரர்களுக்குப் பாதம் மரத்திருந்தால் சூடு தெரியாமலே கொப்புளமாகிவிடும். அவர்கள் வெறுங்காலோடு வெயிலில் நடக்கவே கூடாது. மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் விரதம் இருக்க வேண்டாம். பால் கொடுக்கும் தாய்மார்கள், ஒவ்வொரு முறை பால் கொடுக்கும்போதும் ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள், யார் முன்னால் இருந்தாலும்!

அதற்கு அடுத்த வாரம் நாங்கள் ஸ்கந்தாசிரமத்துக்கு ஏறினோம். ரமணாசிரமத்தின் பின்புறமிருந்து கல் பாவிய பாதை போகிறது. நிதானமாக ஏறினால் முக்கால் மணி. வழியில் எலுமிச்சை வாசம் வீசும் புல். ஒரு காலத்தில் மொட்டையாகக் கிடந்த சரிவுகளில் தொண்டர்கள் வருஷக்கணக்காக மரம் நட்டுப் பச்சையாக்கியிருக்கிறார்கள். கோடையில் ஒரு தீப்பொறி போதும், எல்லாம் போய்விடும். பையில் பழம் இருப்பது தெரிந்தால் குரங்கார் விடமாட்டார். ஜாக்கிரதை!

1916 முதல் 1922 வரை ரமணர் அங்கே இருந்தபோது அவருடைய தாயார் அழகம்மாளும் கூட இருந்தார். அந்தத் தள்ளாத வயதில் மலைமேல் அடுப்பு மூட்டி எல்லோருக்கும் சமைத்துப் போட்டவர். அவரை நினைத்தால் நம் முழங்கால் வலியெல்லாம் ஒரு வலியா? அங்கிருந்து கீழே பார்த்தால் கோயில் முழுவதும், நான்கு திசைக் கோபுரங்களோடு, கோலம் போட்ட மாதிரி விரிகிறது. 217 அடி ராஜகோபுரம் கைக்கு அடக்கமாகத் தெரிகிறது! காலையில் சூரியன் எதிரே கண்ணைக் கூசும். பிற்பகல் மூன்று நாலு மணிக்கு வெளிச்சம் முதுகுப் பக்கமிருந்து விழும்போது கோபுரங்கள் பளிச்சென்று இருக்கும். நாங்கள் அந்த நேரத்துக்குத்தான் போனோம். தியானம் செய்யும் அறைக்குள் கேமராவை வெளியே எடுக்கவில்லை. சாமியார்களைப் படம் எடுப்பதானால் முதலில் கேட்டுக்கொண்டுதான்.

கேமராவோடு இந்த மலையடிக்கு வந்தவர்களில் பெரிய மனிதர்களும் உண்டு. பிரான்ஸ் நாட்டின் புகழ்பெற்ற புகைப்படக்காரர் ஹென்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸான் 1950 ஏப்ரலில் இங்கே இருந்தார். ரமணரின் கடைசி நாட்களைப் படம் பிடித்தார். 14-ந் தேதி இரவு வானத்தில் ஒளிக்கோடாக ஒன்று நகர்ந்ததைக் கண்டு கடிகாரத்தைப் பார்த்தாராம். மணி 8.47. அது ரமணர் மறைந்த நேரம். அதை அவர் கண்ணால்தான் பார்த்தார்.

ஸ்கந்தாசிரமத்துக்கு மேலே உச்சிக்கும் போகலாமா என்று மருமகள் கேட்டாள். வேண்டாம் என்றேன். அது காப்புக்காடு. வனத்துறை அனுமதியில்லாமல் ஏறக்கூடாது. 2024 டிசம்பர் 1-ந் தேதி பெருமழையில் மலைச்சரிவு இடிந்து அடிவாரத்தில் ஏழு உயிர்கள் போயின. அதில் குழந்தைகளும் உண்டு. அந்த வருஷக் கார்த்திகை தீபத்துக்கு பக்தர்களை மலையேற விடவில்லை. மலை நம்முடையதுதான், ஆனால் அதற்கும் ஒரு மரியாதை இருக்கிறது.

இப்போது மாதம் ஒரு முறை விடிகாலை நாலரைக்கு வாசல் கதவு திறக்கிறது. கோலம்? திரும்பி வந்து போடுகிறேன். ஒன்றும் முழுகிவிடவில்லை! அந்த மூன்று படங்களையும் அழித்துவிடலாமா என்று மருமகள் கேட்டாள். வேண்டாம் என்று சொல்லி, ஆதி அண்ணாமலைப் படத்தை அச்சுப் போட்டு வாங்கி, பூஜை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன். விரதம் இருக்கிற நாளில் கதவைத் திறந்தால் அந்த முகம் என்னைப் பார்க்கிறது. ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுத்தான் விளக்கேற்றுகிறேன்.

உங்கள் வீட்டிலும் ஏதாவது ஒரு பீரோவுக்குள் ஒரு பெண்ணின் ஆசை துணிக்கு அடியில் கிடக்கலாம். இன்றைக்கே கொஞ்சம் திறந்து பாருங்களேன். அடுத்த இதழில் சந்திப்போம்.