மருந்து வைத்தால் மனசு மாறுமா?

"எம் புள்ள முன்ன மாதிரி இல்ல டாக்டர். கல்யாணம் ஆகி எட்டு மாசந்தான் ஆவுது. அவ உக்காருன்னா உக்கார்றான், எழுந்திருன்னா எழுந்திருக்கிறான். சோத்துல எதையோ கலந்து குடுத்துட்டா. நீங்கதான் நாடி புடிச்சுப் பாத்துச் சொல்லணும்!"

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் சித்த வைத்தியம் பார்க்கிற எவரும் இந்தப் புகாரைக் கேட்காமல் தப்பியிருக்க முடியாது. படிக்காதவர்கள் மட்டும்தான் இப்படி வருகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கார் வைத்திருப்பவர்கள், பேங்க்கில் வேலை பார்ப்பவர்கள், பெண்ணை என்ஜினீயரிங் படிக்க வைத்தவர்கள், எல்லோரும் வருகிறார்கள். ஆங்கில டாக்டரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார், சித்த வைத்தியர் என்றால் புரிந்துகொள்வார் என்று நம் மேல் ஒரு நம்பிக்கை!

ஆகவே ஒரு சித்த வைத்தியனாகவே சொல்கிறேன். பழைய ஏடுகளில் 'இடுமருந்து' என்ற சொல் இருக்கிறது, மறுக்கவில்லை. பகையாளிக்குத் தெரியாமல் கொடுக்கிற நச்சுப் பொருளை அப்படிச் சொன்னார்கள். நஞ்சு உடம்பைக் கெடுக்கும், சரி. ஒருவர் மேல் இன்னொருவருக்கு ஆசை வரவைக்கும் வேர், இலை, பஸ்பம் எதுவும் கிடையாது. பாளையங்கோட்டையில் குணபாடம் படித்தவன் நான். எந்த மூலிகை மலத்தை இளக்கும், எது சளியை அறுக்கும் என்று மனப்பாடமாகச் சொல்வேன். மாமியாரை மறக்கடித்து மனைவியை மட்டும் நினைக்க வைக்கும் மூலிகை ஒன்று இருந்தால் எனக்கும் காட்டுங்களேன்!

"அப்படின்னா மருந்து எடுக்கிறவங்க வயித்திலேர்ந்து எடுத்துக் காட்டறாங்களே, அது என்ன?" என்று கேட்பீர்கள். கறுப்பாக ஒரு உருண்டை, கொஞ்சம் முடி, சில நேரம் சாம்பல் மாதிரி ஏதோ ஒன்று. வயிற்றில் குழாயை வைத்து உறிஞ்சி எடுத்தேன் என்பார்கள். தோலில் ஓட்டை இல்லாமல் அது எப்படி வெளியே வந்தது? உறிஞ்சுகிறவர் வாயில் முன்னாடியே இருந்தது, அவ்வளவுதான். நாம் சாப்பிடுகிற சோறு நாலைந்து மணி நேரத்தில் இரைப்பையை விட்டு இறங்கிவிடும். இரண்டு மூன்று நாளில் மிச்சம் மீதி வெளியே போய்விடும். போன வருஷம் தாலி கட்டின கையோடு வைத்த உருண்டை இந்த வருஷம் ஆடி வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருக்க வழியில்லை. (வயிற்றில் நிஜமாகவே முடி உருண்டை சேருவதுண்டு. சில பிள்ளைகளுக்குத் தன் முடியைத் தானே பிய்த்துத் தின்னும் பழக்கம் இருக்கும், அவர்களுக்கு. அதை ஸ்கேனில் பார்த்து ஆபரேஷன் செய்துதான் பெரும்பாலும் எடுப்பார்கள்.)

வாந்திக்குக் கொடுத்து 'எடுக்கிறவர்கள்' இன்னும் மோசம். வாந்தி மருத்துவம் எங்கள் முறையிலும் உண்டு. அதற்கு ஆள் பார்க்கணும், உடல் பலம் பார்க்கணும், பக்கத்தில் வைத்தியன் இருக்கணும். இவர்கள் உப்புத் தண்ணீரைச் சொம்பு சொம்பாகக் குடிக்க வைக்கிறார்கள். ரத்தத்தில் உப்பு ஏறினால் வலிப்பு வரும், உயிரே போகலாம். வசியத்துக்கென்று விற்கும் பொடியில் ஊமத்தை விதை இருந்தால் வாய் உலரும், பார்வை மங்கும், புத்தி தடுமாறும், உளறுவார்கள். பாவம், அதைத்தான் 'மயங்கிட்டான்' என்று நினைத்தார்களோ என்னவோ!

சரி, பையன் நிஜமாகவே மாறித்தான் இருக்கிறான். ஏன்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்காலையிலோ உருட்டாலையிலோ வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் பகல், அடுத்த வாரம் சாயங்காலம், அதற்கடுத்து ராத்திரி ஷிப்ட். உலைக்குப் பக்கத்தில் நின்று வேர்வையாய்க் கொட்டுகிற உடம்பு. விடிந்து வீட்டுக்கு வந்தால், எதிர்வீட்டு டி.வி., குக்கர் விசில், பால்காரர் மணி. பகல் தூக்கம் ராத்திரி தூக்கத்துக்கு ஈடாகவே ஆகாது, நேரமும் குறையும், ஆழமும் குறையும். நாலு மாதம் இப்படிப் போனால் பசி கெடும், வயிறு உப்பும், மலச்சிக்கல் வரும், நெஞ்சு எரியும். "வயித்துல உருண்டையா ஏதோ நிக்குது" என்பான். எரிச்சல் வரும், பேச்சு குறையும், தாம்பத்திய ஆசையும் குறையும். அம்மாவிடம் பேசுவது மட்டுமா குறைகிறது? பெண்டாட்டியிடமும்தான் குறைகிறது. அதை அவள் போய் யாரிடம் சொல்வாள்?

ஒரு குடும்பத்தின் கதை இது. பையனுக்கு நாலு மாதத்தில் எட்டு கிலோ குறைந்துபோனது. மூன்று இடத்தில் 'மருந்து' எடுத்தார்கள். மூன்று இடத்திலும் உருண்டை வந்தது! மருமகளை, வயிற்றில் நாலு மாதப் பிள்ளையோடு, பொன்னேரிப் பக்கம் தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். என்னிடம் வந்தபோது நாடி பார்க்கும் முன்பே அவன் இருமல் சொல்லிவிட்டது. சாயங்காலமானால் காய்ச்சல், ராத்திரி வேர்வை. அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். சளியில் காசநோய்க் கிருமி. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றால் சளிப் பரிசோதனை செய்யணும், அங்கே அது இலவசம், மருந்தும் இலவசம். 6 மாதம் விடாமல் சாப்பிடணும், அதற்கு பதிலாக எந்த லேகியமும் ஆகாது. அவனுக்கு குணமாயிற்று. கர்ப்பிணிப் பெண்ணுக்கும் பரிசோதனை செய்தார்கள், நல்லவேளை ஒன்றுமில்லை. ஆனால் 'மருந்து வெச்சவ' என்று தெருவெல்லாம் சொன்ன பேச்சை யார் திரும்ப எடுத்தார்கள்? குழந்தை பிறந்தும் அந்தப் பெண் அந்த வீட்டுக்குப் போகவில்லை. வேறு வீடு பார்த்த பிறகுதான் வந்தாள்.

கல்யாணமான பையன் இளைத்தால் சர்க்கரை, தைராய்டு, ரத்தசோகை என்று பார்க்க எத்தனையோ இருக்கிறது. ஒரு சர்க்கரை டெஸ்ட்டுக்கு ஆகும் செலவைவிட 'எடுக்கிறவர்' வாங்குவது பல மடங்கு.

அமாவாசைக்கு வைத்திய வீரராகவர் கோயில் குளத்தில் வெல்லம் கரைத்து, நோய் தீரணும் என்று வேண்டிக்கொள்கிற ஊர் எங்கள் ஊர். அந்த நம்பிக்கையால் யாருக்கும் கெடுதல் இல்லை. இது அப்படியல்ல, ஒரு வீட்டுப் பெண்ணின் தலையில் பழி விழுகிறது.

அந்த அம்மாவைத் திட்டவும் எனக்கு மனசு வராது. இருபத்தைந்து வருஷம் ஊட்டி வளர்த்த பிள்ளை, இன்று தட்டை எடுத்துக்கொண்டு அந்த அறைக்குள் போகிறான். வலிக்கத்தான் செய்யும். 'என் பிள்ளை தானாக அவளை நேசிக்கிறான்' என்று ஏற்பதைவிட 'மருந்து வைத்தாள்' என்று நம்புவது சுலபமாக இருக்கிறது. பெண்ணைப் பெற்றவர்களும் குறைந்தவர்களில்லை. மகள் வேறு சாதிப் பையனை விரும்பினால் "அவன் ஏதோ குடுத்து மயக்கிட்டான்" என்கிறார்கள். பட்டப்படிப்பு படித்த பெண்ணுக்குச் சொந்தமாக ஒரு மனசு இருக்கும் என்று ஒப்புக்கொள்ள முடியவில்லை. மந்திரிக்கிறேன், மருந்து எடுக்கிறேன் என்று அவளை ஊர் ஊராக இழுத்துப்போவது வைத்தியம் அல்ல, கொடுமை.

இந்த ஆசை நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. 1832-ல் இத்தாலியில் டோனிசெட்டி என்பவர் ஓர் இசை நாடகம் போட்டார். ஊர் சுற்றும் போலி வைத்தியனிடம் ஒரு கிராமத்துப் பையன் காதல் மருந்து வாங்குகிறான். பாட்டிலில் இருந்தது வெறும் ஒயின்! நம் லாட்ஜ் வைத்தியர்களின் தாத்தா போல.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. "சார், அவருக்குத் தெரியாம குழம்புல கலந்து குடுக்கற மாதிரி ஏதாவது குடுங்க. குடிய விட்டுடணும், என் பேச்சக் கேக்கணும்." கேட்கிற சகோதரியின் கண்ணில் தண்ணீர் நிற்கும். ஆனால் கொடுக்கமாட்டேன். கடையில் சொல்லி வாங்கிக் கலந்துவிடுகிறார்கள், டைசல்ஃபிரம் என்ற மாத்திரையை. அதைச் சாப்பிட்டவர் மேலே குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து, சிலருக்கு இதயமே நின்றுவிடும். குடிப்பவர் தெரிந்து, சம்மதித்து, டாக்டர் கண்காணிப்பில் சாப்பிட வேண்டிய மருந்து அது. நல்லதுக்கென்றாலும் ஒருவர் தட்டில் அவருக்குத் தெரியாமல் எதையும் கலக்காதீர்கள். குடிக்கும் மனக்கஷ்டத்துக்கும் 14416 என்ற டெலி மனஸ் எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம், காசு இல்லை, தமிழில் பேசுவார்கள். அடி உதை என்றால் 181.

ராத்திரி ஷிப்ட் வாரத்தில் வீட்டில் செய்யக்கூடியது இதுதான். அவர் தூங்கும் அறை ஜன்னலுக்கு கனமான துணி கட்டுங்கள். வந்தவுடன் காபி கொடுக்காமல் இட்லியோ கஞ்சியோ கொடுங்கள். மத்தியானம் இரண்டு மணி வரைக்கும் எழுப்பாதீர்கள். பணப் பிரச்சினை, நாத்தனார் சீர், இதையெல்லாம் தூங்கி எழுந்து குளித்த பிறகு பேசுங்கள். அம்மாவும் மருமகளும் அந்த வாரம் ஒருவேளையாவது அவரோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். இதை ஒரு மாதம் செய்தும் இளைப்பும் சோர்வும் போகவில்லை என்றால் ரத்தம், சளி, சர்க்கரை மூன்றையும் பரிசோதித்துக்கொண்டு வாருங்கள். அதற்குப் பிறகு நாடி பார்க்கிறேன்.