தெரிந்த பழுதுதானாம்!

"ஓசியில் வரும் லினக்ஸை யார் ஐயா சரிபார்க்கிறார்கள்?" என்று நண்பர் கிண்டல் செய்தார். அது தப்பு. இன்டெல் கிராபிக்ஸ் டிரைவரில் ஒரு வரியை மாற்ற வேண்டுமென்றாலும், அதைப் பழசும் புதுசுமான நிஜக் கணினிகளில் ஓட்டிப் பார்க்கிறார்கள். ஐ.ஜி.டி. என்ற சோதனைத் தொகுப்பில் முதலில் சின்னப் பரீட்சை, தேறினால் பெரியது. இன்னொருவரும் படித்துப் பார்த்து, நாங்கள் கோப்பில் இனிஷியல் போட்டதுபோல், தம் பெயரைப் போடவேண்டும்.

என் சண்டை வேறு. சோதனை தோற்றாலும், அது ஏற்கெனவே பதிவான பழுது என்றால் திருத்தத்தின் மேல் குற்றமில்லை. நியாயம்தான்; யாரோ செய்த பிழைக்கு இவரை ஏன் நிறுத்துவது? ஆனால் புதுப் பழுது ஒன்று பழையதைப் போலவே தலைகாட்டினால்? அதன் நிழலிலேயே நுழைந்துவிடுமே!

பிரெஞ்சுப் பள்ளியில் எங்கள் வாத்தியார் நோட்டில் 'வ்யூ' என்று சிவப்பு மையில் எழுதுவார். பார்த்தாயிற்று என்று அர்த்தம். உள்ளே கணக்கு தப்பாகவே இருக்கும். அலுவலகத்திலும் 'முன்பே அறிந்தது' என்று குறிப்பெழுதிய கோப்பை எவரும் மறுபடி திறந்து நான் பார்த்ததில்லை.

தெரிந்த பழுது ஒவ்வொன்றுக்கும் கெடு வையுங்கள். கெடு தாண்டினால், அது தீரும்வரை அந்தப் பகுதியில் புதுத் திருத்தம் எதையும் சேர்க்காதீர்கள். திரை இருண்டுபோனால், பழைய கணினி வைத்திருக்கும் என்னைப் போன்ற கிழவன் யாரிடம் போய் நிற்பான்?