பாரில் கிடைத்த நாற்காலி

தலைப்பைப் பார்த்ததும் முகம் சுளித்துப் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள், சகோதரிகளே! நானும் மயிலாப்பூரில் கபாலி கோயில் மணிச் சத்தத்தில் கண் விழிக்கிறவள்தான். அறுபதை நெருங்குகிற வயசு. 'பார்' என்ற சொல்லே எங்கள் வீட்டில் ஆகாது. காரணம் உண்டு. என் சொந்த அண்ணன் குடித்துக் குடித்தே நாற்பத்தாறு வயசில் போய்ச் சேர்ந்தார். அவர் நடத்திய பாத்திரக் கடையும் அவருக்கு முன்னாலேயே போய்விட்டது. அண்ணி ரெண்டு பிள்ளைகளை இட்லி மாவு அரைத்து விற்று வளர்த்தாள்.

அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த நான் போன மாதம் ஒரு பாருக்குப் போய் வந்தேன். என் மகள் கூட்டிக்கொண்டு போனாள். அவளுக்குப் பதவி உயர்வு கிடைத்திருந்தது.

"ஏண்டி, கொண்டாட வேற இடமே கிடைக்கலியா? பாருக்கா?" என்றேன்.

"நீ ஜூஸ்தாம்மா குடிக்கப் போறே. உக்காந்து நிம்மதியா ரெண்டு வார்த்தை பேசலாம், வா" என்றாள்.

'உக்காந்து பேசலாம்' என்றாளே, அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் போனேன். தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று ஹோட்டல் வாசலிலேயே முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

உள்ளே போனால் அது ஒரு தீவு! கூரையெல்லாம் மூங்கில். பனையோலை மாதிரி முடைந்த விளக்குகள். சுவரில் கண்ணை உருட்டிக்கொண்டு, பல்லைக் காட்டிக்கொண்டு ஒரு மரமுகம். மேஜைக்கு வந்த கோப்பையும் அதே முகம்தான். 'டிக்கி' என்பார்களாம் இந்த மாதிரி பார்களை. எனக்கு வந்தது அன்னாசிச் சாறும் தேங்காய்ப் பாலும் கலந்து, மேலே ஒரு காகிதக் குடை செருகிய பானம். சாராயம் ஒரு சொட்டு கிடையாது. விலை மட்டும் ஐநூற்றுச் சொச்சம்! பொள்ளாச்சித் தேங்காயையும் கோயம்பேட்டு அன்னாசியையும் ஐநூறு ரூபாய் கொடுத்துக் குடிக்கிறோமே என்று வயிறு எரிந்தது.

இது எந்த ஊர் வழக்கம் என்று வீட்டுக்கு வந்ததும் மகளை நச்சரித்து, தேடிப் படித்தேன். அமெரிக்காவில் 1920லிருந்து 1933 வரை மதுவிலக்கு இருந்ததாம். அது எடுபட்டதும் ஹாலிவுட்டில் ஒருவர், 'கடலோரவாசி டான்' என்று பேர் வைத்துக்கொண்டு, தென்கடல் தீவு மாதிரி அலங்காரம் செய்து ஒரு கடை திறந்தார். மலிவாகக் கிடைத்த ரம்மில் எலுமிச்சை, அன்னாசி, பட்டை, கிராம்பு என்று கலந்து கொடுத்தார். அடுத்து ஓக்லண்டில் விக்டர் பெர்ஜரான் என்பவரும் அதே வழியில் கடையைப் பெருக்கினார். 'மாய் தாய்' என்ற பானத்தை 1944ல் தானே உண்டாக்கியதாக அவர் சொல்லிக்கொண்டார். பேரைக் கேட்டதும் நம்ம 'தாய்' என்று நினைத்துவிட்டேன்! தாகித்தித் தீவு மொழியில் 'நல்லது' என்று அர்த்தமாம். பசிபிக் தீவுகளில் இரண்டாம் உலகப் போருக்குப் போய்த் திரும்பிய சிப்பாய்களால் இந்த மோகம் இன்னும் பரவியது.

வேடிக்கை பாருங்கள். அங்கே 1933ல் மதுவிலக்கு முடிந்தது. இங்கே 1937ல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கை ஆரம்பித்தார். 1948ல் மதராஸ் மாகாணம் முழுக்க வந்தது. 1971ல் எடுத்தார்கள், 1974ல் மறுபடி மூடினார்கள், 1981ல் மறுபடி திறந்தார்கள். 1983ல் டாஸ்மாக் பிறந்தது. 2003ல் சில்லறை விற்பனையையும் அரசாங்கமே எடுத்துக்கொண்டது. 2023-24ல் அதில் வந்த வருமானம் மட்டும் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். அந்தக் கோடிகளில் என் அண்ணன் மாதிரி எத்தனை பேருடைய பாத்திரக் கடைகள் கரைந்திருக்கும்!

இன்னொன்றும் மனசை உறுத்தியது. அந்த மரமுகம் வெறும் பொம்மை இல்லையாம். பசிபிக் தீவு மக்கள் தங்கள் முன்னோர்களையும் தெய்வங்களையும் அப்படித்தான் மரத்தில் செதுக்கி வைப்பார்களாம். நம்ம கிராமத்திலும் முனீஸ்வரனுக்குச் சாராயமும் சுருட்டும் வைத்துப் படைக்கிறவர்கள் உண்டு. அதற்காக முனீஸ்வரன் தலையிலேயே ஊற்றிக் குடிப்போமா? யார் வீட்டுச் சாமியாக இருந்தாலும் சாமி சாமிதானே.

இத்தனை குறை சொல்கிறேனே, ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நான் அங்கே சந்தோஷமாக இருந்தேன்.

ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். 'வேற என்ன வேணும்?' என்று யாரும் பில்லை நீட்டி விரட்டவில்லை. சாய்ந்துகொள்ள முதுகு வைத்த நாற்காலி. சுத்தமான கழிப்பறை. பக்கத்து மேஜையில் என் வயசுப் பெண்கள் மூன்று பேர். எலுமிச்சை சோடாவை வைத்துக்கொண்டு வாய் விட்டுச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். யாரும் திரும்பிப் பார்த்து முறைக்கவில்லை. என் மகள் தன் ஆபீஸ் கஷ்டத்தை முதல் முறையாக என்னிடம் முழுசாகச் சொன்னாள். வீட்டில் என்றால் குக்கர் விசில் அடிக்கும், அவள் அப்பா காபி கேட்பார், வாசலில் தண்ணீர் கேன்காரர் கூப்பிடுவார். எந்தப் பேச்சும் பாதியில்தான் நிற்கும்.

வரும்போது வண்டியில் யோசித்துக்கொண்டே வந்தேன். இந்தச் சென்னையில் நான் கடைசியாக எப்போது வெளியில் ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்?

மயிலாப்பூர் மாட வீதியில் காளத்தி கடை ரோஸ்மில்க் குடிக்காதவர்கள் உண்டா? அமிர்தம்தான். ஆனால் நின்றுகொண்டே குடிக்க வேண்டும். ஒரு கையில் பூக்கூடை, ஒரு கையில் டம்ளர், பின்னால் ஸ்கூட்டர் ஹார்ன். தி.நகருக்குப் போனால் ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் ரோட்டிலும் ஐந்து பைகளைச் சுமந்து கால் கடுத்துப் போகும். கரும்புச் சாறை நடைபாதை ஓரமாக நின்று நாலு மடக்கில் குடித்துவிட்டு ஓட வேண்டும். டிபன் சாப்பிட ஹோட்டலுக்குப் போனாலோ, இலையில் கை வைக்கும்போதே ஒரு குடும்பம் நம்ம நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்கும். நம்ம தொண்டையில் இட்லி இறங்குமா?

ஆண்களைப் பாருங்கள். தெருமுனை டீக்கடை பெஞ்ச் அவர்களுக்கு. ஒரு டீயும் ஒரு தினசரியும் இருந்தால் காலையே போய்விடும். கோயில் குளத்துப் படி, பார்க் சிமெண்ட் பெஞ்ச், சலூன் நாற்காலி எல்லாம் அவர்களுக்கு. 'ஏன் உக்காந்திருக்கே?' என்று அவர்களை யாரும் கேட்பதில்லை. நாம் டீக்கடை பெஞ்சில் தனியாக உட்கார்ந்து பார்த்தால் தெரியும் சேதி! அடுத்த தெருவுக்குச் செய்தி போய்ச் சேர டீ ஆறுகிற நேரம் போதும்.

2021 மே மாதத்திலிருந்து நமக்குச் சாதாரணக் கட்டண பஸ்ஸில் டிக்கெட் கிடையாது. கையெடுத்துக் கும்பிட வேண்டிய திட்டம். அடையாற்றிலிருந்து தி.நகருக்குக் காசில்லாமல் போகலாம். சரி, போய் இறங்கிய பிறகு? எங்கே உட்கார்வது? வீட்டிலிருந்து கிளம்ப வழி செய்தாகிவிட்டது, வெளியே இளைப்பாற இடம் செய்ய வேண்டாமா?

அந்தத் தீவுக் கடையில் நாங்கள் கொடுத்த ஐநூறு ரூபாய் அன்னாசிக்கு இல்லை, நாற்காலிக்கு! நம்ம ஊரில் ஒரு பெண் வெளியே நிம்மதியாக உட்கார்வதற்கு நட்சத்திர ஹோட்டல் வாடகை கொடுக்க வேண்டியிருக்கிறது. கொடுக்க முடிந்தவள் உட்கார்கிறாள். முடியாதவள் நின்றுகொண்டே இருக்கிறாள்.

'அப்படியானால் பெண்கள் பாருக்குப் போவதை நீங்கள் ஆதரிக்கிறீர்களா?' என்று சில சகோதரிகள் கோபமாகக் கேட்பீர்கள். இல்லவே இல்லை. குடியால் வீடு போன கதையை வாழ்ந்து பார்த்தவள் நான். இன்னும் சொல்லப் போனால் இந்தத் தீவுப் பானங்கள்தான் பொல்லாதவை. இனிப்பும் புளிப்பும் சாராய வாடையை அமுக்கிவிடும். பழச்சாறு மாதிரி இறங்கும், பிறகுதான் தலைக்கு ஏறும். ஹாலிவுட் டான் தன்னுடைய 'ஜோம்பி' என்ற பானத்தை ஒரு ஆளுக்கு ரெண்டுக்கு மேல் தர மாட்டாராம். விற்கிறவரே பயந்த சரக்கு! வேலைக்குப் போகிற நம்ம பெண் பிள்ளைகளுக்கும், ஆண் பிள்ளைகளுக்கும்தான், இதை வெட்கப்படாமல் வீட்டில் சொல்லி வைக்க வேண்டும். 'பாருக்குப் போனா காலை ஒடிச்சிடுவேன்' என்று கத்தினால் நம்மிடம் சொல்லாமல் போவார்கள், அவ்வளவுதான்.

ஆனால் இதையும் யோசியுங்கள். அன்றைக்கு அங்கே பார்த்த பெண்களில் பலர் குடிக்கவே இல்லை. அவர்களும் நாற்காலிக்குத்தான் வந்திருந்தார்கள். இதே நாற்காலியை ஐம்பது ரூபாய் ரோஸ்மில்க்கோடு, நன்னாரி சர்பத்தோடு போட்டுக் கொடுத்தால் அந்த மரமுகத்தை யார் தேடிப் போவார்கள்?

முடியாத காரியமா என்ன? 2019 நவம்பரில் பாண்டி பஜாரில் நடைபாதையை அகலப்படுத்தி, உட்கார இருக்கைகள் போட்டார்கள். சாயங்காலம் போய்ப் பாருங்கள். துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறவர்களில் எத்தனை பேர் நம்மவர்கள்! இடம் இருந்தால் பெண்கள் உட்காருவார்கள். மாட வீதிக்கும், உஸ்மான் ரோட்டுக்கும், அடையாறு பஸ் நிலையத்துக்கும் அதே மாதிரி நிழலும் விளக்கும் கழிப்பறையும் உள்ள இருக்கைகளை மாநகராட்சி போடட்டும். ஆவின் பாலகங்களில் நாலு நாற்காலி கூடப் போட்டால் பாலும் கூட விற்கும். கிரீம்ஸ் ரோட்டில் பழக்கடையாக ஆரம்பித்து ஊரெல்லாம் கிளை விட்டவர்கள், உட்கார வைத்துத்தானே ஜூஸ் விற்றார்கள்? தெருவோர ஜூஸ் கடைக்காரத் தம்பிகளும் ரெண்டு ஸ்டூல் போடலாம்.

நாமும் மாற வேண்டும். பெசன்ட் நகர் பீச்சுக்குப் போனாலும் 'ஐயோ, ஆறு மணி ஆச்சே, தோசைக்குச் சட்னி அரைக்கணுமே' என்று பாதி அலையிலேயே எழுந்து ஓடி வருகிறவர்கள்தானே நாம்? சும்மா உட்கார்வது பாவம் என்று நமக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

விஷயம் எப்படியோ அண்ணி காதுக்குப் போய்விட்டது. "பாருக்குப் போனியாமே?" என்று கேட்டாள். என்னைத் திட்டுவாள், அழுவாள் என்று நினைத்து எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அண்ணி திட்டவில்லை.

"உள்ளே எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதும்மா. உங்க அண்ணனைக் கூட்டிட்டு வரப் போய் வாசல்லேயே நின்னுதான் பழக்கம். ராத்திரி பத்து, பதினோரு மணி வரைக்கும் நிப்பேன். உக்காரக்கூட ஒரு கல்லு இருக்காது" என்றாள்.

எனக்கு அதற்கு மேல் பேச்சு வரவில்லை. எத்தனை வருஷம் அப்படி நின்றிருப்பாள்!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணியை பஸ்ஸில் பாண்டி பஜாருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கையில் ஆளுக்கொரு கரும்புச் சாறு. ஒரு இருக்கையைப் பிடித்து உட்கார்ந்தோம். இருட்டி விளக்கு போட்ட பிறகும் எழுந்திருக்கவில்லை. அண்ணி கல்யாணத்துக்கு முன்னால் ஊரில் பதநீர் குடித்த கதையைச் சொன்னாள். முப்பத்தைந்து வருஷமாக அவளைத் தெரியும், அந்தக் கதை எனக்குத் தெரியாது. செலவு எண்பது ரூபாய்.

இப்போது எங்கள் தெருவில் நாலு பேர் சேர்ந்து மாதம் ஒரு ஞாயிறு என்று முடிவு செய்திருக்கிறோம். நீங்களும் உங்கள் ஊரில் உட்கார ஓர் இடம் பிடியுங்கள். இடமே இல்லையென்றால் கவுன்சிலரிடம் கேளுங்கள். சாலை கேட்டோம், தண்ணீர் கேட்டோம், மதுக்கடையை மூடச் சொல்லி ரோட்டில் நின்று கேட்டோம். 2016, 2017, 2023 என்று மூன்று தடவை ஐந்நூறு ஐந்நூறு கடைகளாக மூடினார்களா, இல்லையா?

உட்கார ஒரு பெஞ்சும் கேட்போமே, தோழிகளே!

- ஒரு வாசகி, மயிலாப்பூர், சென்னை.