கலர் எடுக்கவில்லையாம்!

வண்ணக் கரிப் பென்சிலை வாங்கிவிட்டு, "சார், கலரே எடுக்கலையே" என்பவர்களோடு எனக்குத் தீராத வழக்கு. ஐயா, அது கரி! கரியோடு கொஞ்சம் நிறமி கலந்தது. அடங்கிய நிறம்தான் அதன் குணம். நான் படித்த பிரெஞ்சில் ஓவியக் கரிக்கு 'ஃபுசேன்' என்று பெயர். எந்த மரத்தைச் சுட்டார்களோ அந்த மரத்தின் பெயரே அது. கரிக்கு அங்கே அவ்வளவு மரியாதை.

வழவழப்பான தாளில் தேய்த்தால் கரி எப்படிப் பிடிக்கும்? சொரசொரப்பு வேண்டும். ஷார்ப்னரில் திருகினால் முனை உடையும்; பிளேடால் சீவுங்கள்.

எங்கள் திருவாலங்காட்டுக் காரைக்கால் அம்மையின் எலும்புருவத்தை வரைய 24 கலர் எதற்கு? கறுப்பு, செம்மண், சாம்பல் போதும். மிச்சக் காசுக்குப் பிள்ளைக்கு நல்ல தாள் வாங்கிக் கொடுங்கள்.