குப்பைமேட்டில் ஒரு வனம்

சென்ற மாதம் சிதம்பரம் பக்கத்திலிருந்து என் மைத்துனர் வந்திருந்தார். கேட்வே, ஜூஹு கடற்கரை, மகாலட்சுமி கோயில் எல்லாம் முன்பே பார்த்தாகிவிட்டது. வேறு வழியின்றி, தாராவி பஸ் டிப்போவுக்கு எதிரே இருக்கும் மகாராஷ்டிரா இயற்கைப் பூங்காவுக்கு அழைத்துப் போனேன். பக்கத்திலேயே இத்தனை காலம் குடியிருந்தும் நானே உள்ளே போனது அன்றுதான்!

வாசலைத் தாண்டி நூறடி நடந்ததுமே சயான்–பாந்த்ரா இணைப்புச் சாலையின் இரைச்சல் அடங்கிவிட்டது. இருபுறமும் மரங்கள், வண்ணத்துப்பூச்சிகள், மழைநீர் தேங்கும் ஒரு குளம். ஒரு காலத்தில் நகரத்துக் குப்பையைக் கொட்டிய இடம் இது. அந்தக் குப்பையின் மேலேயே மண் நிரப்பி, மரம் நட்டு, 1994-இல் 37 ஏக்கர் வனமாகத் திறந்தார்கள்.

பூங்காவின் மறுகோடியில் மித்தி ஆறு. விஹார், பவாய் ஏரிகளின் உபரிநீரோடு கிளம்பி மாஹிமில் கடலைச் சேரும் ஆறு. கரையெல்லாம் அலையாத்திச் செடிகள். "எங்க பிச்சாவரம் மாதிரியே இருக்கே அத்தான்! இத்தனை வருஷமா இதை ஏன் காட்டலை?" என்றவர், சற்று உற்றுப் பார்த்துவிட்டு, "கிளையெல்லாம் வெள்ளை வெள்ளையா இருக்கே, என்ன பூ?" என்று கேட்டார்.

பூவல்ல, பிளாஸ்டிக் பைகள். நம் வீட்டிலிருந்து நாலா வழியாகப் போய், ஏறுகிற கடல்நீரோடு திரும்பி வந்தவை. சேற்றுக்கு மேலே தலைநீட்டும் வேர்களால்தான் அந்தச் செடி மூச்சு விடுகிறது. பை சுற்றிக்கொண்டால் அந்த மூச்சு அடைபடும். எனக்குத் தலைகுனிவாக இருந்தது.

பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுக்கும் ஊரில், 37 ஏக்கரில் மரம் எதற்கு, வீடு கட்டலாமே என்று நம்மவர்களே கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் 2005 ஜூலை 26-ஐ மறந்துவிட்டோமா? சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. மித்தி பொங்கி, என் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். அன்று யார் யாரையோ திட்டினோம். ஆற்றின் வழியை அடைத்த குப்பையில் நம் பங்கும் இருந்ததை யாரும் பேசவில்லை. வெள்ளம் பரவி நிற்க மண்ணும், கரையைப் பிடித்து நிறுத்த வேரும் வேண்டாமா? அந்த ஆறு பேரின் குழந்தைகள் ஓடியாட வேறு நிழல்தான் ஏது?

பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் நன்கொடை திரட்டும் நம் சங்கம், வருடத்தில் ஒருநாள் நம் பிள்ளைகளை இங்கே அழைத்து வரலாம். ஆல், அரசு, வேம்பு என்று மரங்களைத் தமிழில் பெயர் சொல்லிக் காட்டலாம். அலையாத்தி என்ற சொல்லையும் செடியையும் ஒன்றாகவே அவர்கள் கற்கட்டும்.

குப்பைமேடு வனமாக ஒரு தலைமுறைதான் ஆயிற்று. அதை மறுபடி குப்பைமேடாக்க அத்தனை காலம்கூட வேண்டாம். அன்பர்களே, இன்று நம் வீட்டுப் பை எங்கே போகிறது என்று ஒருமுறை பாருங்கள்.